வாய்ப்பு: பூஜ்யம் சதவீதம்

இரவு ஒன்று நாற்பதுக்குப்
போன் அதிர்ந்தது.
சூரியனில் ஏதோ வெடித்திருக்கிறது.
துருவ ஒளி இன்று கீழே, இன்னும் கீழே
இறங்கி வரக்கூடும்.
உங்கள் இருப்பிடம்: செல்லூர், மதுரை.
வாய்ப்பு: பூஜ்யம் சதவீதம்.

அந்தச் செயலியை நான் நீக்கவே இல்லை.
நார்வே போய் வந்து
இரண்டு வருடமும் ஒரு நகைக்கடனும்
முடிந்துவிட்டன.

மே மாதம். மின்விசிறி
வெந்நீரை இறைத்துக்கொண்டிருந்தது.
சுடிதாரை மாட்டிக்கொண்டு
ஸ்கூட்டியைத் தெருமுனை வரை தள்ளிப் போய்
அங்கே கிளப்பினேன்.
கீழ்வீட்டுக்காரருக்குத் தூக்கம் மெலிது,
வாய் அப்படியல்ல.

திசைகளைத் தெருவாகப் போட்ட ஊர் இது.
வடக்கு மாசி வீதி, அதற்கும் வடக்கே
வடக்கு வெளி வீதி,
ஆற்றைத் தாண்டினால் நத்தம் ரோடு.
பறக்கும் பாலத்தில் ஏறியதும்
விளக்குக் கம்பங்கள் மட்டும் எதிரே வந்தன.
ஊமச்சிகுளத்தில் இறங்கி
சத்திரப்பட்டி தாண்டிய பிறகு
இருட்டு கிடைத்தது.
முழு நோட்டு இல்லை,
சில்லறை இருட்டு.

கண்மாய்க் கரையில் நின்று
அண்ணாந்து பார்த்தேன்.
என்ன இருக்கும் அங்கே.
புழுதி படிந்த நாலைந்து நட்சத்திரம்.
புளிமூட்டை லாரி ஒன்று போய்விட்டது,
அதன் வாசனை போகவில்லை.

ரோந்து ஜீப் வந்தது.
டார்ச் முதலில் முகத்தில்,
பிறகு மரியாதையாகச் செருப்பில்.
சட்டையில் சோலைமலை என்று பெயர்.
தனியாவா வந்தீங்க?
ஆமா சார்.
யாரையும் எதிர்பார்த்து நிக்கிறீங்களா?

யோசித்தால், ஆமாம்தான்.
போனை நீட்டினேன்.
பூஜ்யம் சதவீதம் என்று
உரக்கப் படித்தார்.
அப்புறம் ஏம்மா?

அலுவலகத்தில் எல்லோரிடமும்
பார்த்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
ஈரப் பச்சைச் சேலையை
மொட்டைமாடியில் உதறியதுபோல, என்றேன்.
படம் காட்டினேன்.
இதில் நீங்க எங்கே மேடம்?
எடுத்ததே நான்தானே.

எடுத்தது ஒரு கொரியப் பையன்.
பேருந்தில் என் பக்கத்து இருக்கை.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
கேட்காமலே அனுப்பிவைத்தான்.
நான்காம் இரவு, மைனஸ் பத்தொன்பது.
பதினோரு நிமிடம் வானம் திறந்திருந்தது.
பதினோரு நிமிடமும் நான்
பெட்ரோல் பங்க் கழிப்பறைக்குள்
மூன்று பேண்ட்டுகளை
ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டிருந்தேன்.
வெளியே கைதட்டும் சத்தம்.
யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்தேன்.

யாரிடமும் சொல்லாததை
நத்தம் ரோட்டில் ஒரு எஸ்.ஐ.யிடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
கொஞ்சம் பொறுத்துத்தான் சிரித்தார்,
ஜீப்பின் பானெட்டைப் பிடித்துக்கொண்டு.
எனக்கும் தொற்றியது.
வற்றிய கண்மாய்க்குள் நாய் ஒன்று எழுந்து
எங்களைப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்தது.

பெயர் பூரணகலா. வயது நாற்பத்து நான்கு.
கூட்டுறவு வங்கி.
நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர்
காரணம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.
பிறகு என்னவோ எழுதினார்.
காட்டவில்லை.
டார்ச்சை அணைத்துவிட்டு
அவரும் வடக்கே கொஞ்ச நேரம் பார்த்தார்.
எந்தப் பக்கமா வரும்?
வராது சார்.
தெரியும்மா, வந்தா?

அந்த மலைக்கு மேலே என்று
கை காட்டினேன்.

திரும்பும்போது தெற்கு வானம்
அழுக்கு மஞ்சளாய்ப் பூசணம் பூத்திருந்தது.
மதுரை. அதை யாரும்
துரத்திக்கொண்டு வரப்போவதில்லை.
ஊமச்சிகுளம் பங்க் வரை
ஜீப் பின்னாலேயே வந்தது.
நூறு ரூபாய்க்குப் போடச் சொன்னேன்.
அரைத்தூக்கப் பையன் என் அவஸ்தையைக் கவனித்து
பாத்ரூம் பின்னாடி இருக்குக்கா, என்றான்.

அவசரம்தான்.
ஆனாலும் ஒருமுறை மேலே பார்த்துவிட்டு,
வேண்டாம் தம்பி,
வீட்டுக்கே போய்க்கொள்கிறேன் என்றேன்.