கை நீட்டல்

"கையை நீட்டுறதாய் நினையுங்கோ ஐயா"
என்றான் அஜந்தன்.
தலையில் தொப்பி, பதினாறு வயர்,
மயிருக்குள் குளிர்ந்த பசை.
சக்கர நாற்காலியின் வலது பக்கம்
என்னுடையதல்லாத ஒரு கை
மேசைக்கு மேல் காத்திருந்தது.

நினைத்தேன்.
பேனை எடுப்பதாய்.
முப்பது வருசம் காணி உறுதி எழுதிய நொத்தாரிசு
வேறென்னத்தை முதலில் நினைப்பேன்?
திரையில் கோடு அசையவில்லை.
கொக்குவில் ஸ்ரேசனடியில் சைக்கிள் பிறேக்கைப் பிடித்தேன்.
சேர்ட்டுப் பொத்தான் பூட்டினேன்.
சோறு குழைத்தேன்.
கரண்ட் போய் வந்தது, அவ்வளவுதான்.
மூன்றாம் கிழமை, அலுத்துப்போய்,
நினையாமல் ஒன்றை நினைத்தேன்.

கோடு எகிறியது.
மோட்டர் உறுமிக் கை பாய்ந்து
பிளேன்ரீக் கோப்பையைத் தட்டி விழுத்தியது.
எல்லாரும் கை தட்டினார்கள்.

"என்ன நினைச்சனீங்கள் அப்பா?"
தாட்சாயினி எழுத்துப் பலகையைத் தூக்கினாள்.
பெருவிரலில் தொடங்கிய நோய்
நாக்குக்கு வந்து எட்டு மாதம்.
அவள் விரல் ஓடும், நான் கண் மூடினால் அந்த எழுத்து.
உண்மைக்கு இரண்டெழுத்து.
பொய்க்கு ஐந்து.
இமை மூடுவதும் களைப்புத்தான்,
ஆனாலும் நீண்டதையே எழுதினேன்:
தேசிக்காய்.
பிழியிறதாய் நினைச்சாராம்! வீடெல்லாம் சிரிப்பு.
அன்று முதல் மேசையில் ஒரு தேசிக்காய் இருக்கிறது.
வாடினால் மாற்றுகிறாள்.

ஊரடங்கு தொடங்கிப் பதினெட்டு நிமிசம்.
செயின் கழன்ற சைக்கிளை உருட்டிக்கொண்டு
ரியூசனால் வந்தாள். பதினைந்து வயது.
படலையில் நின்று செத்துச் செத்துப் பிழைத்தவன்
ஒன்றும் கேட்கவில்லை,
கை நீட்டிவிட்டேன்.
பொத்திய கன்னத்தில்
செயின் கிறீஸ் நாலு விரலாய்க் கிடந்தது.
அவளுடைய விரல்கள்தான்.
என்னுடையவை அதற்கும் கீழே.

இப்போது ஒவ்வொரு வாய்க்கும் அது வேணும்.
அரைத்த சோற்றுக்கு ஒன்று.
தண்ணிக்கு ஒன்று.
காலைச் சாப்பாட்டுக்குள்
இருபது தரமாவது அவளை அடிக்கிறேன்.
"கெட்டிக்காரன்" என்று
வாயைத் துடைத்துவிடுகிறாள்.
சமிக்ஞை நாளுக்கு நாள் துலங்குதாம்,
அஜந்தன் சொல்கிறான்.

நேற்று முழங்கை மூட்டு கிறீச்சிட்டது.
தையல் மெசின் எண்ணெய் விட்டாள்.
வியர்வையைப் புறங்கையால் ஒற்றினாள்,
கன்னத்தில் கறுப்பாய் ஒரு கோடு.

துடைக்கவேணும் என்று நினைத்தேன்.
சத்தியமாய் அது மட்டும்தான்.

கை எழும்பியது. பாயவில்லை.
நடை பழகுகிற பிள்ளை மாதிரித்
தடுமாறித் தடுமாறி அவள் பக்கம் போனது.
அவள் முகம்
இரண்டு விரற்கடை பின்னுக்கு விலகியது.
பிறகு, விலகின இடத்திலேயே நின்றது.

"தேசிக்காய் இல்லைத்தானே, அப்பா" என்றாள்.

பலகை மற்ற அறைக்குள் கிடந்தது.
நீட்டின கை நீட்டினபடி.
பற்றறி குறைந்து
சின்னச் சிவப்பு லைற் ஒன்று
மினுங்கத் தொடங்கியது.