கோரும் தொகை

மனுவின் கடைசிப் பத்தியில்
ஒரு கோடு மட்டும் விட்டிருந்தது.
'தொகையைச் சொல்லுங்க' என்றார் வக்கீல் பகவதிப்பெருமாள்.
மகளின் வலது கையைப் பார்த்தேன்.
என் மடியில் கிடந்தது,
யாரோ எடுக்க மறந்த குடை மாதிரி.

எனக்குத் தெரிந்த விலை ஒன்றுதான்.
பேச்சிப்பாறைக்கு மேலே எஸ்டேட்டில்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
விடியுமுன்னே முந்நூறு மரம் வெட்டுகிறவள் நான்.
பட்டைக்கும் தடிக்கும் நடுவில்
ஒரு நூல் கனம் விட வேண்டும்.
கத்தி அதைத் தாண்டினால் காயம்.
மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வருவார்,
கம்பியைக் குத்தி ஆழம் பார்ப்பார்,
சுண்ணாம்பில் வட்டம் போடுவார்,
நோட்டில் எழுதுவார்:
ஷெர்லின் மேரி, நூற்றிப்பதினாலாம் மரம், காயம் ஒன்று.
பிடித்தது போக மிச்சம் கூலி.
எட்டு வருஷத்தில் ஏழு காயம்.
ஏழும் என் கையால்தான்.
ஒன்றைக்கூட இல்லையென்று சொன்னதில்லை.

ஆஸ்பத்திரி நோட்டிலும் இருக்கிறது அந்த ராத்திரி.
நகல் வாங்கவே ஒரு வருஷம் அலைந்தோம்.
பதினொன்று முதல் அஞ்சு வரை
மணிக்கொரு வரி. ஒரே மை, ஒரே சாய்வு,
ஒரே இருப்பில் எழுதினது போல.
'டாக்டர் மூன்று மணிக்கு வந்து பார்த்தார்.'
தலை வந்து தோள் சிக்கினது அதில் இல்லை.
என் வயிற்றில் முழங்கையை ஊன்றின நர்ஸ் இல்லை.
இன்னொருத்தி பிள்ளையின் தலையைப் பிடித்து,
கிணற்றில் விழுந்த வாளியைப்போல
இழுத்தது இல்லை.
நான் கத்தினதும் இல்லை.

ஜெபசிங் அப்போது வராந்தாவில் நின்றார்.
நல்ல மழை.
அஞ்சேகாலுக்கு வாசலில் டாக்டர் கார்.
பானட்டில் விழுந்த துளியெல்லாம்
ஆவியாய்ப் போனதைப் பார்த்தார்.
'மூணு மணிக்கு வந்த வண்டின்னா
அதுக்குள்ளே ஆறியிருக்கும், சார்.'
'போட்டோ இருக்கா?' என்றார் எதிர்வக்கீல்.

என்னிடம் வேறு கேள்வி.
பிள்ளை நாலேகால் கிலோ, அப்படி என்ன சாப்பிட்டீங்க?
மட்டிப்பழம், மரச்சீனி, சாளை மீன்.
டைப்பிஸ்ட் மூன்றையும் அடித்தாள்.
உங்களுக்கு மருத்துவம் தெரியுமா?
தெரியாது.
ஆனா எங்கே நிறுத்தணும்னு கைக்குத் தெரியணும், சார்.
மரமானாலும்.
டைப்பிஸ்ட் தலையைத் தூக்கினாள்.
'அது வேண்டாம்' என்றார்கள் மேலே.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள்.
'பாப்பா, ரெண்டு கையையும் தூக்கு பார்ப்போம்.'
ஆறு வயசு அனிஷ்மா இடது கையைத் தூக்கினாள்.
யோசித்தாள். இறக்கினாள்.
அந்தக் கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து
மேலே கொண்டுபோனாள்,
குட்டித் தம்பியைத் தூக்கிக் காட்டுகிறவள் போல.
எல்லாருக்கும் தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்துச்
சிரிக்கவும் சிரித்தாள்.
நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஆகஸ்ட் பதினெட்டுக்கு வாய்தா.

குலசேகரம் பஸ்ஸில் தக்கலை தாண்டித்தான்
ஜன்னல் சீட் கிடைத்தது.
வக்கீலே எழுதிவிட்ட இருபத்திரண்டு லட்சத்தை
எத்தனை மரத்துக் காயம் என்று
வகுத்துக்கொண்டே வந்தேன்.
வேர்க்கிளம்பி வந்தும் கணக்கு முடியவில்லை.

'அம்மா, அந்தக் கையையும் ஜன்னல்ல வச்சு விடு.
அதுக்கும் காத்து வேணும்.'
வைத்தேன், மக்களே என்றேன்.
விரல் ஒவ்வொன்றாய் விரித்துக்
கம்பியைப் பிடிக்க வைத்தேன்.
மழை நின்ற கம்பி, நல்ல குளிர்ச்சி.
தெரிகிறதா என்று
கேட்கவில்லை நான்.