முந்நூற்றுப் பதினெட்டாவது ஓட்டம்

இரவு ஒன்பதரைக்கு
என் சிங்கப்பூரில் காலை ஏழு மணி.
ஒரு பொத்தான்தான்.
ஐந்து லட்சம் புள்ளிகள் கண்விழித்து
பல்கூடத் துலக்காமல்
வேலைக்குக் கிளம்புகின்றன.

மத்திய விரைவுச்சாலை வழக்கம்போலச் சிவக்கிறது,
பிராடலில் முதலில்,
பிறகு பின்னோக்கி அங் மோ கியோ வரை,
வெள்ளைச் சட்டையில் தேநீர் ஊறுவது மாதிரி.

போன வாரம் ஈசூனில் ஒரு சைக்கிள் பாதை போட்டேன்.
சிமென்ட் இல்லை, ஆள் இல்லை,
இரைச்சல் என்று எந்த புளோக்கிலிருந்தும் புகார் இல்லை.
மூன்று மீட்டர் அகலம்.
சந்திப்புகளில் தனி விளக்கு.
இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள்,
நட்ட அன்றே கிளை பரப்பியவை.

நூற்றில் இரண்டு கார்கள்
நிறுத்தத்தைவிட்டு நகரவில்லை.
இரண்டு போதாது என்றார் திரு. கோ.
நான்கு மீட்டராக்கினேன்:
இரண்டே கால்.
தீவு முழுக்கப் போட்டேன்:
மூன்று.
அந்த மூன்றிலும் ஒன்றை,
சாலை காலியானதைப் பார்த்துவிட்டு
பேருந்திலிருந்து காருக்கு மாறியவர்கள்
தின்றுவிட்டார்கள்.
பந்தியில் ஒருவர் எழுந்தால்
அந்த இலைக்கு மூன்று பேர் நிற்கிறார்கள்.

நாற்பதாயிரத்து இருநூற்றுப் பதினேழு என்று ஒரு புள்ளி.
பெண், முப்பத்தொன்பது வயது.
வீடு செங்காங், வேலை பொங்கோல்,
நடுவில் மூன்று கிலோமீட்டர்
அதுவும் சமதரை.
நிழல் கொடுத்தேன், விளக்கு கொடுத்தேன்,
கார் நிறுத்தும் கட்டணத்தை இரட்டிப்பாக்கினேன்.
சாவியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள்.

ஹுயி ஷான் கறிபாஃப் தின்றுகொண்டே
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"எட்டரைக்கு இவளுக்குக் கூட்டம் இருக்கும்.
முதுகெல்லாம் நனைந்து
எப்படிப் போய் உட்காருவாள்?"

தூள் என் விசைப்பலகையில் உதிர்ந்தது.

எங்கள் சமன்பாட்டில் எல்லாம் இருந்தது,
தூரம், நேரம், பணம், மேடு, மழை.
வியர்வை இல்லை.
பூமத்திய ரேகைக்கு ஒரு மூச்சு தள்ளி உட்கார்ந்துகொண்டு
ஏதோ குளிர்நாட்டு எண்களை வாங்கிவந்து
வியர்க்காத ஐந்து லட்சம் பேரைச்
செய்து வைத்திருக்கிறோம்.

அதனால் இது முந்நூற்றுப் பதினெட்டு.
வேலையிடம்தோறும் ஒரு குளியலறை,
ஒரு பூட்டுப்பெட்டி,
ஈரத் துண்டுக்கு ஒரு கொடி.
பாதையில் ஒரு சென்டிமீட்டரும் கூட்டவில்லை.

ஐந்தே முக்கால்.

பிராடலில் சிவப்பு மஞ்சளாக வெளுக்கிறது.
ஏழு நாற்பதுக்கு
ஆற்றோரமாகப் போகிறாள்
நாற்பதாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
விளக்கணைத்த மாடியில்
இரண்டு பேர் கை தட்டினோம்.

கடைசிப் பேருந்துக்கு முந்தியது கிடைத்தது.
சுங்கை காடுட் அருகே
ஜன்னலுக்குக் கீழே ஒருவர்
விளக்கில்லாத சைக்கிளில்,
காலில் ரப்பர் செருப்பு,
கைப்பிடியில் ஆடும் சிவப்புப் பை,
அதில் ரொட்டியோ வெங்காயமோ.
விடுதிக்கு இன்னும் எவ்வளவு தூரமோ.

என் தீவில் இவர் இல்லை.
காரே இல்லாதவர் எந்தக் காரை விடுவார்?
கேள்வி கார்களைப் பற்றியது,
விடையில் இவருக்கு வரிசை கிடையாது.
நான் மூன்று மீட்டருக்கும் நான்குக்கும்
அல்லாடிக்கொண்டிருந்த நாளெல்லாம்
வடிகாலுக்கும் லாரிக்கும் நடுவே
ஒன்றரை அடியில்
இவர் ஓட்டியிருக்கிறார்.

பேருந்து முந்தியது.
சிவப்பு விளக்கில் மறுபடி பக்கத்தில் வந்து நின்றார்.
கையை எடுக்காமல்
தோளைத் தூக்கி, சட்டையில்
முகத்தைத் துடைத்துக்கொண்டார்,
ஒரு முறை இந்தப் பக்கம்,
ஒரு முறை அந்தப் பக்கம்.

பச்சை விழுந்தது.
முதலில் கிளம்பியது அவர்தான்.