ஒரு பிளக்

பொம்மர் வருகுதாம்.
அளவெட்டி முழுக்கக் கிடங்குக்குள் இறங்கிவிட்டது.
நான் மட்டும் பங்கர் வாசலில், காதைக் கூராக்கி:
ஒற்றை எஞ்சின்,
ஒரு பிளக் சரியாய்ப் பத்தேல்லை.
காலமை ஆரும் பாக்கேல்லையோ?

நாற்பத்திரண்டில், லிபியாவில்,
மணல் தின்ற எஞ்சின்களை
விடியமுதல் துடைத்து வைப்பேன்.
குண்டு கொழுவுகையில் மக்கன்சி சோக்கை நீட்டுவான்,
ஏதும் எழுது என்று.
ஒருநாள் தமிழில் எழுதினேன்:
சுகமாய்ப் போய்ச் சேர்.
வாசித்துக் காட்டச் சிரித்தான்.
போனது பன்னிரண்டு;
வானத்தை எண்ணிக்கொண்டு நிற்போம்.
பன்னிரண்டும் வந்தால் தேத்தண்ணி.
குண்டு போன இடத்தை ஒருவரும் கேட்டதில்லை.

தெய்வானை சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.
சாக்கு கிழிந்து கழுத்துக்குள் மணல்.

மேலே அது குத்துகிறது.
குத்தினது எழும்புமோ
அந்த ஒரு பிளக்கோடு?

இருட்டுக்குள்
என் விரல்கள் ஸ்பானர் தேடுகின்றன.