கீறலைத் தொடாதே

கிளெமென்ற் அண்ணையின் ஸ்ரூடியோவில்
எனக்கு முகங்களைத் திருத்துகிற வேலை.
அம்மைத் தழும்பு, பரு,
கலியாணத்துக்கு முதல்நாள் அழுத வீக்கம்
எல்லாம் தூரிகை நுனியில் போய்விடும்.
சென்றியில் அடிவாங்கி வந்த ஒருவனுக்கு
அடையாள அட்டைக்காக
கிழிந்த உதட்டைப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன்.

அவர் காலையில் பாஸ்போட் படம் எடுப்பார்.
பின்னேரம் லுமாலாவில் வெளிக்கிடுவார்.
எரிந்த கடைகள்,
ஷெல் விழுந்த வகுப்பறையில் ஒற்றைச் செருப்பு,
சுவரில் சூடுபட்ட ஓட்டைக்குள்
கூடு கட்டிக்கொண்டிருந்த குளவி.
அதுகளில் நான் கைவைக்கக் கூடாது.
"அவங்கள் செய்தது. அப்பிடியே கிடக்கட்டும்."

பிறகு ஒரு ஐப்பசி.
ஒரு றோலை மேசையில் வைத்துவிட்டு
சுவரைப் பார்த்தபடி இருந்தார்.
கழுவி, ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்தேன்.
சோனகத்தெரு முழுக்க நடந்துகொண்டிருந்தது.
நெகற்றிவில் எல்லாருக்கும் தலை நரைத்திருக்கும்,
பிள்ளைகளுக்கும்.
தையல் மெஷினின் தலையை மட்டும்
தோளில் சுமந்த பெடியன்.
அவன் சறத்தைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெட்டை.
பூதக்கண்ணாடியில் பார்த்தால்
தோடு இருந்த இடத்தில் கீறல்.
பழக்கதோஷம், தூரிகையை எடுத்தேன்.
"தொடாதே. இது நாங்கள் செய்தது."

அந்த 'நாங்கள்'
கதவுக்கு வெளியே கேட்டிருக்க வேண்டும்.
மூன்றாம் நாள் சைக்கிள் மட்டும் நின்றது,
பூட்டாமல்.

பேர்கனில் மீன்பெட்டிக்கு லேபிள் ஒட்டியே
அவருக்கு வயது போயிற்று.
போன வருஷம் எங்கடை ஆட்கள்
ஒரு மண்டபத்தில் அவரின் படங்களைக் கொழுவினார்கள்.
நாற்பது.
நாற்பத்தோராவதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு
"அண்ணை, இது இப்ப தேவையோ?" என்றார்களாம்.
நாற்பதையும் கழற்றிக்கொண்டு பனிக்குள் இறங்கியவர்
பஸ் தரிப்பில் நின்று எனக்குப் போன் எடுத்தார்.
நெகற்றிவ் பத்திரமோ என்று கேட்கவில்லை.
"ஐஞ்சு சந்தியில இப்ப வெயில் எப்பிடி?"
வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

நேற்று, கடை பூட்டுகிற நேரம்
புத்தளத்திலிருந்து ஒருவர்.
பாஸ்போட் அளவில் நாலு பிரதி.
இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்களாம்,
கந்தோரில் மூன்று தரம் திருப்பி அனுப்பினார்களாம்.
பெயர் செய்னுலாப்தீன்.
தொழில்?
"தையல்."
தலை முழுக்க நரைத்திருந்தது.
எங்கேயோ பார்த்த நரை.

பிஸ்கற் ரின்னைத் திறந்தேன்.
மேசை லைற்றில் குனிந்து
கனநேரம் பார்த்தார்.
"தங்கச்சி" என்றார்.
பிறகு நிமிர்ந்து,
"இவ்வளவு காலமும் இஞ்சைதான் கிடந்ததோ?"
குரலில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கமராவுக்குப் பின்னால் போய் நின்றேன்.
"ஆடாமல் இருங்கோ" என்றேன்.
அவர் ஆடவில்லை.
நாலு தரம் எடுத்தேன்.
நாலும் மங்கல்.