நண்டு நோட்டின் கடைசிப் பக்கம்

முன்பக்கம் முழுக்க கிலோக் கணக்கு.
திங்கள் நாலே கால். செவ்வாய் மூணு தொள்ளாயிரம்.
கடைசிப் பக்கத்தில்
ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு இழுத்தேன்.
இடப்பக்கம் வெள்ளை மாத்திரை.
வலப்பக்கம் கேப்சூல்.

மதுரை டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார்.
திரும்பி வரும் பஸ்ஸில்
பரமக்குடி தாண்டுவதற்குள்
எனக்குப் பாதி கலைந்துவிட்டது.
மீதியை எழுதுகிறேன்.

வெள்ளை:
அரை மணியில் ஏறும். நாலு மணி நேரம் நிற்கும்.
அப்புறம் ஏறின வேகத்திலேயே இறங்கும்.
பசி போகும். தூக்கம் தள்ளிப் போகும்.
ராமநாதபுரத்தில் ஐந்து கடை ஏறி இறங்கினேன்,
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
"இதெல்லாம் மதுரையிலதான்க்கா."

கேப்சூல்:
வேலையைக் காட்ட ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும்.
காட்டினால் ராத்திரியும் கூடவே இருக்கும்.
குமட்டலாம். தூங்கி விழலாம்.
நினைத்த நாளில் விட்டு, நினைத்த நாளில் போடக் கூடாது.
விலை…
இங்கே பேனா நின்றது.

இன்னாசி எட்டிப் பார்த்தார்.
"நானும் இவன மாதிரித்தான். கடல் சரிபண்ணிருச்சு."
போன வாரம் டோக்கனை வீட்டில் வைத்துவிட்டு
ஜெட்டி வரை போய்த் திரும்பி வந்த மனிதர்.
வலை வாங்க வைத்திருந்த பணத்தில்
பாடாத ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தூக்கி வந்தவர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவருக்கும் ஒரு பத்தி போடலாமா என்று
கோட்டுக்கு அந்தப் பக்கம் இடம் பார்த்தேன்.

ரெனிஷுக்கு மூன்றாம் வகுப்பில்
கதவோரம் தனி பெஞ்சு.
ரயில் போனால் எழுவான்.
போகாவிட்டாலும் எழுவான்.
கணக்குப் பரீட்சை நடுவில் ஒருநாள்
மண்டபம் கரைக்கு இறங்கி
கவிழ்த்துப் போட்ட வத்தையின் அடியில்
ஒட்டியிருந்த சிப்பிகளை எண்ணினான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
எண் அறியாதவன் என்று
அந்த வாரம்தான் ரிப்போர்ட் கார்டு வந்தது.

எனக்கு கம்பெனியில் நேர் எதிர் வேலை.
அவித்த நண்டின் சதையில்
நகக்கண் அளவு ஓடு கிடந்தால்
டப்பா திரும்பி வரும், என் பெயரோடு.
எட்டு மணி நேரம் கண் அசையாது.
அதனால்தான் பயம்.
இந்தப் பிள்ளைக்குள்ளிருந்து
நாங்கள் பொறுக்கி எடுக்கப் போவது
ஓடா, சதையா?

வெள்ளையில்தான் தொடங்கினோம்.
முதல் நாள் டிபன் பாக்ஸ் அப்படியே வந்தது,
அவித்த முட்டை உட்பட.
மூன்று மணிக்கு ஒரு அழுகை, காரணமில்லாமல்.
ராத்திரி பதினொன்றரைக்கு
கொசுவலைக்குள் விழித்துக் கிடந்தவன் சொன்னான்:
"அம்மா, இன்னைக்கு டீச்சர் பேசுனது
கடைசி வரைக்கும் கேட்டுச்சு.
மத்த பிள்ளைகளுக்கு
தினமும் இப்படித்தான் கேக்குமா?"

விளக்கை அணைத்துவிட்டுத்தான்
ஆமாம் என்றேன்.

பள்ளி லீவில் வெள்ளையை நிறுத்திப் பார்க்கலாமாம்,
பசி திரும்பி எடை ஏறட்டும் என்று.
ஏப்ரல் பாதியில்
மீன் பெருகட்டும் என்று படகைக் கட்டிப்போடுவார்களே,
அதேபோல்.
அந்த இரண்டு மாதமும்
வீட்டில் காசு புரளாது.
ஆக, ஒத்துவரும்.
இதையும் இடப்பக்கம் எழுதினேன்.
எழுதியபின் கூசியது.
பிள்ளையின் பசியும் பர்ஸின் பசியும்
ஒரே வரியில் உட்கார்ந்திருந்தன.
அடிக்கவும் மனம் வரவில்லை.

கோட்டுக்குக் கீழே கூட்டிப் போட
எனக்குத் தெரியவில்லை.
அடுத்த மாதம் உயரம், எடை, பிரஷர் பார்த்துவிட்டு
மாற்றுவதா தொடர்வதா என்று பேசலாம்
என்றிருக்கிறார் டாக்டரம்மா.

அதுவரை ஆறரைக்கே எழுப்பி
பசி போகுமுன் மூன்று இட்லி.
விழுங்கி முடித்ததும் மாத்திரை.
அது ஏறும்வரை
ஒற்றைச் செருப்போடு தெருமுனைக்கும் வாசலுக்கும்
அவன் ஓடிக்கொண்டே இருக்கிறான்,
மற்றச் செருப்போடு நான் பின்னால்.

இந்த அரை மணி நேரத்தை
எந்தப் பக்கம் எழுத?