வேஸ்ட் பிரிண்ட்

டோல்கேட் தாண்டி நாலாவது ஷட்டர் என் கடை.
காதுகுத்துக்கு ஒரு ஃபைல், கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு ஃபைல்.
இரண்டிலும் அதே ரோஜா, அதே மேகம்.
படத்தையும் வயதையும் மாற்றினால் போதும்.

கடை போட்ட புதிதில் வாரத்துக்கு ஏழு காதுகுத்து.
இப்போது ஏழும் அஞ்சலி,
அதுவும் எண்பத்தொன்று, எண்பத்தாறு.
அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கினேன்.
அது ஒரு கணக்கு என்று தோன்றியதில்லை.

பி.எட். படிக்கிற ஜெசிந்தா பென் டிரைவோடு வந்தாள்.
செமினாராம். மூன்று நாட்டு மக்கள்தொகைப் பிரமிடு,
எல்லாம் கறுப்பு வெள்ளையில்.
"அடியில கொழந்தைங்க, அஞ்சு வயசுக்கு ஒரு படி.
இந்தப் பக்கம் ஆம்பள, அந்தப் பக்கம் பொம்பள.
ஆம்பளைக்கு நீலம், பொம்பளைக்கு ரோஸ்.
காலைல ஒம்போதுக்கு வேணும்ணா."

நைஜர்,
காசிமேட்டில் கொட்டிய நெத்திலிக் குவியல்.
கீழே பரந்து கிடக்கிறது,
உச்சியில் ஒரு கைப்பிடி.

ஜப்பானுக்கு இரண்டு படம்.
பழையது ஓரளவு கோபுரம் மாதிரிதான்.
புதியது, தண்ணி லாரிக்கு வரிசையில் வைத்த குடம்:
வயிறு மேலேறி, அடி சிறுத்து,
தரையில் நிற்குமா என்றிருந்தது.
மேல்படிகளில் நீலத்தைவிட ரோஸ் நீளம்.
இது எனக்குத் தெரியும்.
'துயருறும் மனைவி' நான் நிறைய டைப் அடித்திருக்கிறேன்,
'துயருறும் கணவர்' குறைவு.

கடைசியாக கத்தார்.
ஒரே தோளில் மூட்டை ஏற்றிய ஹார்பர் கூலி.
இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை
ஆண்கள் பக்கம் மட்டும் வீங்கி,
மறுபக்கம் ஒட்டிப்போய்.
முப்பத்தைந்து முப்பத்தொன்பது பட்டையை
ஸூம் பண்ணிப் பார்த்தேன்.
ஏசி டக்ட் மாட்டுகிற என் தம்பி குணாளன்
இதற்குள்தான் எங்கோ இருக்கிறான்.
போகும்போது இதற்குக் கீழ்ப்படியில் இருந்தான்.
ஊருக்கு வராமலே ஒரு படி ஏறிவிட்டான்.

ராத்திரி இரண்டு மணி. கண் செருகியது.
எந்தப் பக்கம் எந்த நிறம் ஊற்றினேனோ.

"அண்ணே, கத்தார்ல கலர மாத்திப் போட்டுட்டீங்க.
இப்டி ஒரு ஊரு ஒலகத்துலயே இல்ல."
சிரித்துக்கொண்டே சொன்னாள்.
மறுபடி அடித்துக் கொடுத்தேன். என் செலவு.

அவள் போனபின் ராங் பிரிண்ட்டைத் தரையில் விரித்தேன்.
ரோஸ் வீங்கியிருந்தது, நீலம் ஒட்டியிருந்தது.
இல்லாத ஊரா?
ரேஷன் கடை வரிசையில் நிற்கிறதே.
தம்பி பெண்டாட்டி கலைவாணி
சிலிண்டரை இடுப்பில் முட்டுக்கொடுத்து மாடி ஏற்றுகிறாள்.
பிள்ளையின் ஸ்கூல் டைரியில்
'தந்தை கையொப்பம்' என்ற கோட்டின் மேல்
ஏழு வருஷமாக அவள் பெயர்தான்.

ஆனால் அதுவும் முழுக்கச் சரியில்லை.
என் கடைக்கு மேல் ஒரே அறையில் ஒன்பது பேர்,
சமஸ்திபூர் பையன்கள், கண்டெய்னர் யார்டில் வேலை.
தெருவில் காலியான நீலத்தில் வந்து படுத்திருக்கிறார்கள்.
அவர்கள் ஊர்ப் படத்தில்
அந்த இடத்தில் ஒரு வெட்டு விழுந்திருக்கும்.
அதை யார் என்னிடம் பிரிண்ட் போடக் கொண்டுவரப் போகிறார்கள்.

சந்தன் எட்டிப் பார்த்தான்.
"அண்ணா, வேஸ்ட் இருக்கா? மாடிக்கு."
சுருட்டிக் கொடுத்தேன்.

ராத்திரி டேங்க் பார்க்க ஏறினேன்.
உப்புக் காற்றுகூட இல்லை, ஒரே புழுக்கம்.
கத்தாரைப் படம் மேலே தெரிய விரித்து
வரிசையாகப் படுத்திருந்தார்கள்,
யார் எந்த வயதில் என்று பார்க்காமல்.
அடியில், குழந்தைகளின் படியில் உட்கார்ந்து
சந்தன் மட்டும் போனில் பேசிக்கொண்டிருந்தான்.
மொழி பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது:
எதிர்முனையில் பல் முளைத்து அதிக நாள் ஆகாத யாரோ.

எத்தனை வயசு என்று கையால் கேட்டேன்.
மூன்று விரல் காட்டினான்.
கொஞ்சம் யோசித்து,
நாலாவதைப் பாதி நிமிர்த்தினான்.